அப்பாக்களின் வயிறு

இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய், வணக்கமோ நன்றியோ அல்ல. 'புவாங் ஆயிர் பெசார்.' மலம் கழிப்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில், வயிறு, குடல் நோயாளிகளின் வார்டில் எனக்கு நர்ஸ் வேலை. இங்குள்ள தமிழர்கள் 'மிஸி' என்பார்கள். தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய், மூன்று மொழிகளில் ஒரே விஷயத்தைக் கேட்கிறேன்: போனீர்களா, எத்தனை முறை, என்ன நிறம்? சீனப் பாட்டியம்மா ஒருவர் கைப்பேசியில் படமே எடுத்து வைத்திருந்து காட்டினார். இதற்காகவா விமானம் ஏறினேன் என்று சில நாள் அலுப்பாக இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அறைக்குப் போனால், சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பேன். வயிற்றைக் காலியாகப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளின் லட்சணம் இது.

அப்பா வத்தலக்குண்டில் தனியாக இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மெஸ் சாப்பாடு; முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மாத்திரை. இரண்டு வாரமாக வீடியோவில் அவர் உதடு வெளுத்துத் தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த மாத்திரைகளால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்துப்போகும். அது ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு. கேட்டேன். "சாப்ட்டியா பாப்பா?" என்றார். மறுபடி கேட்டேன். "பொம்பளப் புள்ள கேக்குற கேள்வியா இது?" என்று போனை வைத்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். நான் சிறுமியாக இருந்தபோது, கொல்லைக் கக்கூசுக்கு வாளியோடு போகிறவர் நான் எதிரே வந்துவிட்டால், அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுச் சும்மா திரும்பிவிடுவார்.

போன வாரம் காஹாங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர். ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல மிஸி" என்றாள் மகளே. பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேண்டீன்ல போயி ஒரு மைலோ வாங்கிக்க மா."

"அப்பா, நீங்க ஒன்னும் குடிக்கக் கூடாது லா."

"ஒனக்குத்தான். போ."

அவள் கதவைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "நாலு நாளா கறுப்பாதான் போவுது மிஸி. பாசார் மாலாம்ல மூட்டு வலி மாத்திர வாங்கித் தின்னேன். புள்ள முன்னுக்கு இதெல்லாம் எப்படிப் பேசறது? நீங்க வெளியாளு, பரவால்ல."

இரவுச் சந்தையில் வாங்கிய மாத்திரை என்றதும் டாக்டரிடம் ஓடினேன். அன்றே குழாய் விட்டுப் பார்த்து, புண்ணை அடைத்து, ரத்தம் ஏற்றினார்கள். அந்த 'வெளியாளு' மட்டும் எனக்குள் கிடந்து உறுத்தியது. பெற்றவர் சொல்லாததை ஊர் பேர் தெரியாதவர் சொல்கிறார். அந்த மகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில், வார்டில் இருந்து ஒரு வெற்று நோயாளிப் படிவத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். வீடியோ இல்லாமல் அப்பாவை அழைத்தேன்.

"வணக்கங்க ஐயா. ஆஸ்பத்திரியிலருந்து சிஸ்டர் பேசறேன். உங்க பேரு, வயசு சொல்லுங்க."

"பாப்பா..."

"பாப்பா இங்க இல்லைங்க ஐயா. பேரு சொல்லுங்க."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேரைச் சொன்னார், வயதைச் சொன்னார், "ரிட்டையர்டு டிரைவருங்க" என்றார். நான் வரிசையாகக் கேட்டேன்.

"மோஷன் என்ன நெறத்துல போகுதுங்க?"

"கறுப்புங்க சிஸ்டர். ஒரு மாசமா."

படிவத்தில் எழுதிக்கொண்டேன். "அந்த மாத்திரைய இப்பவே நிறுத்திடுங்க. எதுவும் சாப்பிடாம இருங்க. உங்க தம்பி மகன் ஆட்டோவோட வருவாரு, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும். தலை சுத்துனா எந்திரிக்காம படுத்துக்குங்க."

"சரிங்க சிஸ்டர்." என்னிடம் ஒருநாளும் இப்படி அடங்கிப் பேசியவரில்லை. வைக்கப் போகும்போது, "ஒரு விஷயங்க" என்றார். "எனக்கு ஒரு மக இருக்கு, மலேசியாவுல. தனியாக் கெடக்குது. அதுக்கு மட்டும் சொல்லிறாதீங்க. பயந்துரும்."

"சொல்ல மாட்டேங்க ஐயா."

சித்தப்பா மகனை அழைத்து ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுப் படிவத்தைப் பார்த்தேன். உறவினர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அங்கே அவன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், என் பெயரைப் போட்டேன்.