மதிலுக்கு அப்பால் கேட்ட மெட்டு

அந்த மெட்டை நான் பஸ்ஸில் இருந்தபடிதான் கேட்டேன். குருநகரில் பஸ் பழுதாகி நின்றது. மதிலுக்கு அப்பால், கடற்கரைப் பக்கம், பெண்கள் சேர்ந்து பாடினார்கள். மெட்டு ஏறியது, ஏறியது, ஒரு சுரத்தில் தயங்கியது, அலை மடிவதுபோல் இறங்கியது. சொற்கள் காதில் விழவில்லை. டிக்கற்றின் பின்புறத்தில் சுரங்களைக் குறித்துக்கொண்டேன். எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. ஒரு முறை, ஒரேயொரு முறை, எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆசிரியைகளைப் பயிற்றும் பாடசாலையொன்றில் அப்போது நான் பாட்டு ரீச்சர். சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டங்களுக்குள் வளர்ந்த சைவப்பெண். கடல் எனக்குத் தூரம். ஆண்டு விழாவுக்கு உங்கள் மண்ணின் மெட்டொன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று வெள்ளைக்கார அதிபர் அம்மா சொன்னதும், டிக்கற்றை எடுத்தேன். மெட்டை நாலு குரலாகப் பிரித்தேன். மழையை வரவேற்கும் சொற்களை அதற்குக் கட்டினேன்.

பாட்டுக் குழுவில் நல்ல குரல் குருநகர்ப் பெண் ஒருத்திக்கு. ஒத்திகையில் அவள் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

விழாவன்று காலை அவள் ஆர்மோனியத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரீச்சர், நேற்று வரவேண்டிய அண்ணையின்ரை வள்ளம் இன்னும் வரேல்லை. அந்தப் பாட்டை மட்டும் விடுங்கோ."

"ஏன்?"

"கடலிலை போனவையின்ரை சவம் கரைக்கு வந்தால் பாடுற மெட்டு. வேறை எதுக்கும் எடுக்கிறேல்லை."

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். "முகாரி அழுகிற ராகம். கச்சேரியிலை பாடுகினம்தானே? அதுக்காக மண்டபம் செத்தவீடே? சொல்லுத்தான் பிள்ளை முக்கியம். நாங்கள் மழையைத்தானே பாடுறம்."

அவள் போய் வரிசையில் நின்றாள்.

மாலை, மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வாங்குகளில் கரையிலிருந்து வந்த குடும்பங்கள் அமர்ந்திருந்தன. நான் கை உயர்த்தினேன். மழை, மழை என்று பிள்ளைகள் தொடங்கினார்கள். இரண்டாவது அடி முடியுமுன் பின் வரிசையில் பெண்கள் எழுந்து முக்காடு இட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன்! என் கை இன்னும் தாளம் போட்டது. பிறகு ஒருத்தி கொண்டையை அவிழ்த்துவிட்டு, வாங்குகளுக்கு நடுவே ஓடிவந்தாள்.

"ஆரைக் கொண்டந்தவை? என்ரை பிள்ளையோ? சொல்லுங்கோவன், என்ரை பிள்ளையோ?"

குருநகர்ப் பெண்ணின் தாய். மேடையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் என் கையைப் பார்த்தபடி மழையைப் பாடிக்கொண்டே நின்றார்கள். கை இறங்க மறுத்தது. மரக்கட்டை அது, என்னுடையதல்ல.

அடுத்த நாள் மத்தியானம் வள்ளம் வந்துவிட்டது. காற்று மாறித் தீவுப்பக்கம் ஒதுங்கியிருந்ததாம். மன்னிப்புக் கேட்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உதடு வெடித்த ஒருவன் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"உவர்தான் நீங்கள் பாடி அனுப்பின பிள்ளை. வடிவாப் பாருங்கோ" என்றாள் தாய்.

அவன் தலைநிமிர்ந்தான். "நாலு குரலிலையாம் ரீச்சர்? எங்கடை கரையிலை ஆருக்குக் கிடைச்சது!"

தங்கை சிரித்துவிட்டாள். அவன் குடித்து முடிக்கும்வரை, தாய் அவன் முதுகில் வைத்த கையை எடுக்கவேயில்லை. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பவள்போல.