முருகன் பெயரால் கழற்றச் சொன்ன இரும்பு

மீனலோசனிக்குச் சினம் மிகுந்தால் குரல் தாழும். மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றியுள்ள சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளராக அவர் பொறுப்பேற்ற நாள்முதல், அவருக்குக் கீழே பணிபுரிவோர் அனைவரும் அறிந்த செய்தி அது. இலங்கையிலிருந்து இரயில்வே எழுத்தராக வந்தவரின் பேத்தி. விடியலில் ஒரு பதிகமேனும் பாடாமல் தேநீரைத் தொடாதவர். ஆயினும் அந்த ஆண்டு பங்குனி உத்திரத்தை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாலைகள் தனித்தனியே வாழ்வன அல்ல; ஒன்றை நெருக்கினால் இன்னொன்று புடைக்கும். நெடுஞ்சாலையில் எடைச் சோதனை கடுமையானதும், மணல் லாரிகள் செம்பனைத் தோட்டத்து ஊடே போகும் சிறு சாலைக்குத் திரும்பின. அங்கே ஓர் ஆற்றுப்பாலம், அதுவோ முதியது. அது விழுந்தால் அக்கரைத் தோட்டத்து மக்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஊரையே சுற்ற வேண்டும். எனவே மீனலோசனி பாலத்தின் முகப்பில் இரும்புச் சட்டத்தாலான உயரத் தடுப்பொன்றை நாட்டினார். காரும் பள்ளி வேனும் அதன்கீழ் நுழையும். மணல் லாரி நுழையாது.

சென்ற ஆண்டு ரதம் வருகிறதென்று கோயில் தலைவர் வீரமுத்து வேண்டினார். மீனலோசனி கைகூப்பி இசைந்து, சட்டத்தைக் கழற்றுவித்தார். மறுநாள் திரும்பப் பொருத்தச் சென்றபோது தூண்கள் இரண்டும் நசுங்கிக் கிடந்தன. யார் இடித்தார் என்பதை எவரும் காணவில்லையாம். புதிய தூண்கள் வருவதற்குள் மணல் லாரிகள் பாலத்தை உழுதன. அடி உத்தரத்தில் விரிசல் கண்டது. லாரிகளில் பாதி வீரமுத்துவினுடையவை.

இவ்வாண்டு அவர் சட்டத்தைப் பத்து நாள் கழற்றி வைக்கக் கேட்டார். மேலதிகாரி, "உங்கள் கோயில், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை வழிபாடு முடித்து, வேலைக்குழுத் தலைவன் குணாளனோடு மீனலோசனி கோயில் முற்றத்தில் நின்றார்.

"சாமி காரியம் மேடம். பத்து நாளைக்குக் கழட்டி வெச்சிடுங்க, போதும்" என்றார் வீரமுத்து.

மீனலோசனியின் பார்வை அவரைக் கடந்து, ரதம் நின்ற கொட்டகையில் பதிந்தது. அதன் வாசல் தம் தடுப்பைவிடத் தாழ்ந்திருக்கக் கண்டார்.

"தலைவரே, ரதம் இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

"தள்ளித்தான்."

குணாளன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"கோபுரத்த மடக்காமலா?"

"அது காலி ரதம் மேடம். சாமி உள்ள இருக்கறப்ப மடக்கறது அபசாரம் லா!"

பக்கத்தில் நின்ற குருக்கள் ஏதுமறியாதவராய் இடைபுகுந்தார். "கரண்டு கம்பி வர்ற எடத்துல எல்லாம் மடக்கறோமேம்மா. கைப்பிடியச் சுத்துனா எறங்கிடும்."

வீரமுத்து அவரை எரித்துவிடுவது போல் நோக்கினார். "நம்ம முருகன் வழிய நம்ம ஆளே அடைச்சாங்கன்னு சனங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

மீனலோசனியின் குரல் தாழ்ந்தது. "உங்க லாரி வழிய அடைச்சேன்னு சொல்லுங்க."

இல்லம் திரும்பியும் சினம் அடங்கவில்லை. மணலைத் திருட்டுவழியில் கடத்துவோரை அவர் அறிவார்; அது தொழிலின் கயமை. ஆனால் வேலனை முன்னே நிறுத்தி, அவன் நிழலில் லாரி ஓட்டுவதா? அடியார் தோளில் கிடக்கும் வடத்தைத் தன் சக்கரத்துக்குக் கயிறாக்குவதா? மறுநாள் விடியலில் பதிகம் பாட வாய் வரவில்லை.

உத்திரத்து நண்பகலில் ரதம் பாலத்தை அடைந்தது. சட்டம் அசையாமல் நின்றது. அதன்கீழ் மீனலோசனி நின்றார். வீரமுத்து ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"பாருங்க சனங்களே! முருகன நடுரோட்டுல நிறுத்திட்டாங்க!"

முணுமுணுப்பு எழுந்தது. "மேடமும் சாமி கும்பிடறவங்கதானே?" என்றாள் ஒருத்தி. இளைஞர் இருவர் திருகுசாவியோடு தூணை நெருங்கினர். குணாளன் ஓடிவந்து குறுக்கே நின்றான். மீனலோசனி தூணை இறுகப் பற்றிக்கொண்டார். ஒரு மரை கழன்றாலும் பாலம் போயிற்று.

"குருக்களே, கரண்டு கம்பிக்குக் குனியற முருகன் அக்கரைச் சனத்துக்காகக் குனிய மாட்டாரா?"

குருக்கள் ஒருகணம் இருபுறமும் பார்த்தார். பிறகு ரதத்தின் பின்புறம் சென்று கைப்பிடியைச் சுழற்றினார். கலசம் தாழ, கோபுரம் அடுக்கடுக்காய் இறங்கிற்று. "அரோகரா!" என்று கூட்டம் அதிர, ரதம் சட்டத்தின்கீழ் தடையின்றிச் சென்றது.

அது விலகியபின்தான் பின்னால் இருந்தவை தெரிந்தன: தார்ப்பாய் போர்த்திய மணல் லாரிகள் மூன்று, எஞ்சின் உறுமக் காத்திருந்தன. கதவுகளில் வீரமுத்துவின் பெயர்.

பாற்குடம் ஏந்திய பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். "அலாமாக்! தலைவரே, மணலும் நேர்த்திக்கடனா?"

சிரிப்பு பரவிற்று. திருகுசாவி பிடித்தவன் அதை முதுகுக்குப் பின்னே மறைத்தான். வீரமுத்து ஒலிபெருக்கியை யாரிடமோ திணித்துவிட்டு ரதத்தின் பின்னே விரைந்தார்.

மீனலோசனி சிரிக்கவில்லை. முதல் லாரியின் கதவண்டை நடந்துபோய் ஓட்டுநரை அண்ணாந்து நோக்கினார்.

"ரிவர்ஸ் எடுங்க" என்றார், குணாளனுக்குக்கூடக் கேளாத குரலில்.

ஓட்டுநருக்குக் கேட்டது. லாரி பின்னோக்கி நகரத் தொடங்கிற்று.