கொம்பனுக்கு எப்போது பசிக்கும்?

பிராணிகள் மருத்துவமனையில் அவளுக்குப் பிடியக்கா என்று பெயர். டாக்டர் ஊசி போடும்போதும் தையல் போடும்போதும் மிருகத்தைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பதினாறு வருடம் அதைத்தான் செய்தாள். நாய், பூனை, கழுதை, ஒரு தடவை நெருப்புக்கோழி. ஆள் ஒல்லி. பலத்தால் பிடிப்பவள் இல்லை. "அது எந்தப் பக்கம் போக நெனைக்குதுன்னு தெரிஞ்சா போதும். அந்தப் பக்கம் நாம முன்னாடியே நின்னுக்கணும்" என்பாள்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பெரிய நாய் மேஜையிலிருந்து குதித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பழைய பிடி திரும்பவில்லை. டாக்டர் அவளை வாசல் மேஜைக்கு மாற்றினார். வருகிற பிராணிகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். எழுதினாள். ஆனால் உள்ளே ஏதாவது உறுமல் கேட்டால் நாற்காலியில் இருப்புக்கொள்ளாது.

அந்த மேஜைக்குத்தான் ஒரு நாள் மஞ்சள் பூனையோடு ஒரு பெண்மணி வந்தார். பூனையைத் தடவிக்கொண்டே, "இது ரொம்ப சாது" என்றார்.

பிடியக்கா சீட்டிலிருந்து தலை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். "மேடம், கைய எடுத்துடுங்க. மூணு எண்றதுக்குள்ள கடிச்சிடும்."

அவர் சிரித்தார். இரண்டு எண்ணுவதற்குள் பூனை கடித்துவிட்டது.

பஞ்சு வைத்து ரத்தத்தைத் துடைக்கும்போது அந்த அம்மாள் வலியை மறந்து கேட்டார். "எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வால் நுனி மட்டும் ஆடுச்சு. காது பின்னால போச்சு. அப்புறம் மூச்ச நிறுத்துச்சு. மூச்ச நிறுத்திட்டா முடிவு பண்ணிடுச்சுன்னு அர்த்தம்."

வந்தவர் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியின் இயக்குநர். நான்கு வருடமாக ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். மலைகள், கோட்டைகள், மந்திரவாதிகள், நடுவே ஒரு வழிப்போக்கன். அந்த வழிப்போக்கன்தான் விளையாடுகிறவர். வழியில் நாற்பது வகை ராட்சச மிருகங்கள். "எல்லாம் பாக்க அழகா இருக்கு. ஒண்ணுலயும் உயிர் இல்ல. ஒரு வாரம் வந்து பாத்துட்டு என்ன குறைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னபோது பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன், "ராட்சசன யாரு பிடிக்கிறது, யாரு ஊசி போடுறது?" என்று கேட்டான். சிரித்தாலும் காலையில் அவனே கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. திரை போட்ட ஜன்னல்கள், குளிர், அலமாரியில் களிமண்ணில் பிடித்த கோரைப்பல் மிருகங்கள். மிருகங்கள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவற்றின் மூளை அவர் கையில் இருந்ததால் எல்லாரும் அவரை மூளைக்காரர் என்றார்கள். அவர் முதலில் காட்டியது கொம்பனை. யானை உயரம், ஆறு கால், ஒற்றைக் கொம்பு, குகைவாசி. வழிப்போக்கன் இருபதடி நெருங்கினால் கர்ஜித்துக்கொண்டு பாயும். சாகும்வரை முட்டும்.

மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"இது எப்ப சார் சாப்பிடும்?"

"சாப்பிடாது. ராட்சசன்தானே."

"தூங்குமா?"

"தேவையில்ல. ஆள் வந்தா அடிக்கணும், அவ்வளவுதான்."

"எதுக்கு அடிக்குது?"

மூளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்குன்னா? அடிக்கிறதுக்குத்தானே வெச்சிருக்கோம்."

"அதில்ல சார். பாதி உயிர் போயிடுச்சு, இன்னும் அதே வேகத்துல வருது. நான் பாத்த பிராணி எதுவும் இப்படி நிக்காது. வெறி பிடிச்சிருந்தா நிக்கும், குட்டி இருந்தா நிக்கும். இதுக்கு என்ன?"

மூளைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொம்பனை மறுபடி ஓட விட்டார். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோயாளி வாய் திறந்து பேசாத இடத்தில் வேலை பார்த்தவள்.

மறுநாள் மருத்துவமனைச் சீட்டுகளில் ஒரு கட்டு எடுத்து வந்தாள். கொம்பனுக்கு ஒரு சீட்டு எழுதினாள். வயது நடுத்தரம். கடைசியாகச் சாப்பிட்டது முந்தா நாள். வலி, இடது நடுக்காலில். பயம், நெருப்பும் பின்னாலிருந்து வரும் சத்தமும். காப்பது குகைக்குள் இருக்கும் சுனை. கடைசி வரியில், எந்த வழியாக ஓடும் என்று எழுதி, பதில் எழுதாமல் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

மூளைக்காரர் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். கடைசி வரியில் நின்றார். "குகைக்கு ஒரே வாசல்தானே இருக்கு."

"அதான் சார். அந்த வாசல்லதான நம்ம ஆள் வந்து நிக்கிறான்."

 மூளைக்காரர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

ஒரு வாரம் மூன்று மாதமாயிற்று. மருத்துவமனையில் நீண்ட விடுப்பு சொன்னாள். கொம்பன் சுனைக்கு வந்தது, தண்ணீர் குடித்தது, மோப்பம் பிடித்தது, காலை நக்கியது. அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அது தூங்குவதை வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு வெளியாட்கள் பத்துப் பேரை வரவழைத்து விளையாட விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. காலடிச் சத்தம் கேட்டதும் கொம்பன் இருட்டுக்குள் ஒதுங்கியது. பாதிப் பேர் காத்திருந்து அலுத்துத் திரும்பினார்கள். மீதிப் பேர் இன்னதென்று தெரியாமலே முட்டுப்பட்டுச் செத்தார்கள். ஒருவர் எழுதிக் கொடுத்தது: "பயந்தாங்கொள்ளி யானை. திடீரென்று காரணமே இல்லாமல் கொன்றுவிட்டது."

"பழையபடி மாத்திடலாமா? தேதி வேற நெருங்குது" என்றார் இயக்குநர்.

"ஒரு நாள் குடுங்க மேடம்" என்றாள்.

பத்துப் பேர் விளையாடியதும் பதிவாகியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் முழுக்க அதையே பார்த்தாள். பதிவுகள் முடிந்தபோது சோறு அப்படியே இருந்தது, அவள் முகம் தெளிந்திருந்தது.

"மிருகம் சரியாத்தான் நடந்துக்குது. தப்பு என்னோடது. அது கடிக்கப்போகுதுன்னு எனக்குத் தெரியுது, பதினாறு வருஷப் பழக்கம். விளையாட வர்றவங்களுக்குப் பத்து நொடிகூட இல்ல. எதையும் மாத்த வேணாம் அண்ணே. அது நெனைக்கிறத வெளிய காட்டட்டும். பெருசா, ஒண்ணொண்ணா." மூளைக்காரரை அவள் அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார் என்பது, அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் 'சொல்லும்மா' என்றதில் தெரிந்தது.

அறை நடுவே நின்று நடித்துக் காட்டினாள். முதலில், குடிப்பது நிற்கும். அடுத்து, தலை தாழ்ந்து அப்படியே இருக்கும். அப்புறம் பாரம் பின்னங்கால்களுக்குப் போகும், விலா அசையாது, மூச்சு நிற்கும். இரண்டு எண்ணியபின் பாயும். அதற்குள் எதிரே இருப்பவன் வாசலை விட்டு விலகினால் மூச்சை விடும். படம் அசைய வைக்கும் பெண் ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டாள்.

"ரெண்டு எண்றது ரொம்ப நீளம்மா. ஆளுக்குப் போரடிச்சிடும். ஒண்ணு போதும்" என்றார் மூளைக்காரர்.

"ஒண்ணுல மனுஷனுக்கு பயம் மட்டும்தான் வரும் அண்ணே. யோசனை வராது."

இரண்டு நாள் இழுபறி. கடைசியில் ஒன்றரையில் நின்றது. ஆனால் கொம்பன் மூச்சு விட்டால் குகை முழுக்கக் கேட்க வேண்டும் என்று அவள் பதிலுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தடவை வந்தவர்களில் தபால் பிரிக்கும் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். வாளை நீட்டிக்கொண்டு குகைக்குள் போனார். கொம்பன் குடிப்பதை நிறுத்தியது. அவரும் நின்றார். தலை தாழ்ந்தது. "கோவமாயிடுச்சு போலிருக்கே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். விலா நின்றது. அவர் சட்டென்று பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தார், பாய்ந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டார். பெரிய மூச்சு ஒன்று குகையை நிறைத்தது. கொம்பன் இடது நடுக்காலை நொண்டியபடி அவரை உரசிக்கொண்டு வெளியே போயிற்று.

அவர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தார். "நாந்தான் வழிய மறிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்."

யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் மூளைக்காரர் தனக்கு வந்த டீயைப் பிடியக்கா பக்கம் நகர்த்தினார்.

அன்று எல்லாரும் விலகிவிடவில்லை. ஆறு பேர் சண்டை போட்டார்கள், அதில் நாலு பேர் தோற்றார்கள். தோற்றவர்களும், "முதல்லயே எச்சரிக்கை பண்ணுச்சு, நாந்தான் கேக்கல" என்று ஒப்புக்கொண்டார்கள்.

மற்ற முப்பத்தொன்பதையும் அவளே பார்த்துக் கொடுத்தாள். மிருகங்களோடு எலும்புக்கூட்டுப் படையும் வந்தபோது அதை மட்டும் திருப்பி அனுப்பினாள். "செத்ததுக்குப் பசிக்காது. அது உங்க இஷ்டம்" என்றாள். விளையாட்டு வெளியாகி நன்றாகப் போயிற்று. முதல் வாரம் ஒருவர் புகார் அனுப்பினார், கொம்பன் தன்னை அடிக்காமல் போய்விட்டது, கோளாறைச் சரிசெய்யுங்கள் என்று. மூளைக்காரர் தானே பதில் எழுதினார்: "கோளாறு இல்லை. நீங்கள் வழிவிட்டீர்கள்."

கம்பெனி அவளை நிரந்தரமாகவே கேட்டது, டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பிவைத்தார். அடுத்த விளையாட்டுக்குப் பேசும் டிராகன் ஒன்று வேண்டும் என்றார் இயக்குநர்.

"பேசுற மிருகத்துக்கு நான் சரிப்பட மாட்டேன் மேடம். என்கிட்ட வந்ததுங்க எதுவும் பொய் சொன்னதில்ல."

அந்த டிராகனுக்குக் கதை எழுதும் ஆள் ஒருவரை அமர்த்தினார்கள். அவளுக்கு, கூட்டமாகத் திரியும் நீர்மிருகங்களைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒன்று மிரண்டால் மற்றவை எவ்வளவு நேரத்தில் மிரளும் என்பதில் அவளுக்கும் மூளைக்காரருக்கும் இப்போது வாக்குவாதம். இந்தத் தடவை அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.