லாரிக்குத் தோல் விரிப்பு

ஆவாரம்பட்டையில் பதம் செய்த எருமைத் தோலுக்குத் தனி வாசனை உண்டு. மூக்கைப் பொத்துகிற வாசனை இல்லை. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கரீம் அதை முகர்ந்துவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாரு நைனா. நாத்தம் கீதா?"

இல்லைதான்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நானும் கரீமும் கூட்டாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தோம். நான் மயிலாப்பூர்க்காரன், ஓட்டுவது என் வேலை. கரீம் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ஆள் பிடிப்பதும் பேரம் பேசுவதும் அவன் பொறுப்பு.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தெருத் தெருவாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சைதாப்பேட்டைப் பக்கத்துச் சூளையிலிருந்து செங்கல் ஏற்றிப்போய்க் கொட்டுவோம். மழை பிடித்தால் சூளை படுத்துவிடும். அப்போது எங்களுக்குச் சோறு போட்டது ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்கள்.

அந்த வேலையைத் தந்தவர் பஞ்சு அய்யர். கல்யாணச் சமையலைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். அண்டா, அரிசி, காய்கறி, வாழை இலை எல்லாம் எங்கள் லாரியில்தான் போகும். மேளக்காரர்களும் தவிலோடு தொற்றிக்கொள்வார்கள்.

செங்கல் கொட்டிக் கொட்டி லாரியின் அடிப்பலகை சிராய் சிராயாகப் பெயர்ந்துவிட்டது. ஒரு நாள் அரிசி மூட்டை அதில் மாட்டிக் கிழிந்து, லஸ் முனையிலிருந்து வடக்கு மாட வீதி வரைக்கும் காக்காய்களுக்கு விருந்து.

"வைகாசி முகூர்த்தத்துக்குள்ள அடியில எதையாவது போட்டு வையுங்கோ. இல்லேன்னா நான் மாட்டு வண்டிக்கே போயிடறேன்" என்றார் அய்யர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

தேங்காய் நார்ப் பாய் போட்டுப் பார்த்தோம். செங்கல் தூளைக் குடித்து, ஒரு மழையில் சேறாகிவிட்டது. கித்தான் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்று, தகரம். இன்னொன்று, கரீம் தன் அண்ணன் மண்டியிலிருந்து கொண்டுவந்த எருமைத் தோல். கெட்டியான தோல்... செங்கல் விழுந்தாலும் சத்தம் வராது, சுடாது, துரு ஏறாது. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல விரிப்பு கிடையாது.

அய்யர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் காட்டினோம். அவர் படியை விட்டு இறங்கவே இல்லை.

"ராம ராமா! இதும் மேலயா அரிசி? நாலு ஆத்துல தெரிஞ்சா என் பொழப்பே போச்சு!"

"தவிலு மட்டும் இன்னாத்துல கட்டிக்கீது அய்யரே?" என்றான் கரீம்.

"அது வாத்தியம். இது வண்டி."

கரீம் சிரித்துக்கொண்டே தோலைச் சுருட்டிவிட்டான். மறுநாள் தகரம் அடித்தோம். பளபளவென்று புது வெள்ளித் தட்டு கணக்காக இருந்தது. எங்களுக்கும் பெருமைதான்.

வைகாசியின் முதல் கல்யாணம் வந்தது. கொத்தவால் சாவடியில் வாழை இலைக் கட்டுகளை ஏற்றி அடுக்கிவிட்டுக் காத்திருந்தோம். அய்யர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அவர் கத்தரிக்காயைச் சும்மா வாங்குகிறவர் இல்லை. மேலே வெயில், கீழே தகரம். மயிலாப்பூர் வந்து இறக்கினால், அடியில் இருந்த கட்டுகள் அத்தனையும் வெந்து சுருண்டு கிடந்தன.

அய்யர் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்தார். குரல் தணிந்துவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்கோ. அந்தத் தோலை அடியில போட்டு, கல்யாணத்துக்கு மட்டும் மேல ஒரு பாயைப் போட்டு மூடிடுங்கோ. யாருக்குத் தெரியப் போறது? நானா சொல்லப் போறேன்?"

பாய் எத்தனை தேய்ந்தாலும் அடியில் தோல் தாங்கிக்கொள்ளும், மூட்டையும் கிழியாது. எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கரீம் முந்திக்கொண்டான்.

"வோணாம்னீங்கோ, எடுத்துக்கினு பூட்டேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஒளிச்சி வெச்சி ஓட்றது ஆவாது அய்யரே."

"ஏண்டாப்பா? நான்தானே சொல்றேன்?"

"இன்னிக்கி நீங்க சொல்றீங்கோ. நாளிக்கி தெரிஞ்சா, அய்யரு சொன்னாருன்னா பேசுவாங்கோ? சாயபு ஏமாத்திட்டான்னுதான் பேசுவாங்கோ."

அய்யர் கையில் இருந்த இலையைக் கீழே போட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு மாட்டு வண்டிகள் வந்தன.

அன்று சாயங்காலம் எனக்கும் கரீமுக்கும் பெரிய சண்டை. ஒரு வார்த்தை தலையாட்டியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கத்தினேன். அவன் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். தோலை எல்லோரும் பார்க்கிற மாதிரி விரித்து ஆணி அடித்தான். அதன் மேல் செங்கல் மட்டும்தான் போயிற்று. ஐப்பசி வந்தது, மழை பிடித்தது, சூளை படுத்தது... வண்டி மாம்பலத்தில் ஒரு புளியமரத்தடியில் சும்மா நின்றது. வீட்டில் கஞ்சிதான்.

போன மாதம் என் பேரன் ஒரு டெம்போ வேன் வாங்கினான். அடியில் விரிக்கக் கடைக்கு அழைத்துப் போனான். கறுப்பு ரப்பரைச் சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "எந்த வண்டிக்கு சார்?" என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது. காலையில் கல்யாணச் சாமான் போகிறது, மாலையில் கோழிக் கூண்டு போகிறது. எதன் மேல் எது வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. சௌகரியமாகத்தான் இருக்கிறது.

அந்த ஐப்பசியை நினைத்தால் கரீம் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வருகிறது. அவனுக்கு அப்புறம் எத்தனையோ பேரோடு கூட்டு வைத்துத் தொழில் பண்ணியாயிற்று. கரீமோடு இருந்தவரை குனிந்து பார்க்க வேண்டியிருந்ததில்லை. மற்ற ஒவ்வொருவரிடமும், வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.