இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு

என் பாவாவுக்கு இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை உடம்புக்கு முடியாமல் போய்விடும். அக்காவின் கணவர், திருத்தணியிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் கண்டக்டர். ஒரு முறை காய்ச்சல், அடுத்த முறை வயிறு, அதற்கடுத்து முழங்கால். நோய் மாறும், கணக்கு மாறாது. மலைக்கோயிலுக்குக் கிருத்திகைதோறும் வருகிற கூட்டத்தில், காவடிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் கொடுத்துப் பார்த்தவர்கள் அவரை மன்னித்துவிடுவார்கள்.

கிருத்திகை என்றைக்கு என்று ஊரில் எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் போட்டிருக்கும், எங்கள் வீட்டைத் தவிர. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். சபையில் கொடுக்கும் காலண்டரில் தேதிக்குக் கீழே வசனம்தான் இருக்கும். ராசி, நட்சத்திரம் அச்சடித்த தாள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். மாடியில் குடியிருந்த பாவா அந்தச் சட்டத்தை மீறவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, கடைசியாகப் போன கிருத்திகையிலிருந்து இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண்ணி, வருடம் முழுவதற்கும் வசனங்களின் ஓரத்தில் ‘கூ’ என்று எழுதிவைத்துவிடுவார். கூ என்றால் கூட்டம். அதைப் பார்த்து முன்கூட்டியே டூட்டியை மாற்றிக்கொள்வார். மாற்ற ஆள் கிடைக்காவிட்டால் காய்ச்சல் வரும்.

நானோ சென்னையில் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புகிற படிப்பு. நிலா நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று வர இருபத்தேழு நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகும் என்று முதல் செமஸ்டரிலேயே எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்தால், பாவா விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து, இதற்கு ஏதாவது ஃபார்முலா இருக்கிறதா என்று கிண்டல் வேறு. பிளஸ் டூவில் இயற்பியலில் இரண்டு முறை தவறியவர் அவர். அதை நான் அவரை மறக்கவிட்டதில்லை.

கடைசி செமஸ்டரில் ஆய்வறிக்கை. எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம், நான் திருத்தணிக்காரி என்பதாலேயே எனக்குக் கிருத்திகை விண்மீன் கொத்தை ஒதுக்கினார். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிகிற அந்தக் கொத்தில் மங்கலாக ஒளிந்திருக்கும் மற்ற விண்மீன்களின் ஒளியை அளந்து, கொத்தின் வயதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மலையில் தொலைநோக்கி உண்டு. ஒருவருக்கு ஒரு இரவுதான். அமாவாசையை ஒட்டிய நாட்களை என்னோடு படித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீதியிருந்ததில் தை மாதத்தில் ஒரு நாளை நான் எடுத்துக்கொண்டேன். காரணம், வீட்டுக் காலண்டரில் அன்றைக்குக் கூ போட்டிருந்தது. தைக் கிருத்திகை அன்று எங்கள் ஊரில் நடக்கவும் முடியாது, ரயில் ஏறவும் முடியாது. அன்று வேறு ஒரு மலையில் இருந்தால் தப்பித்தேன். நிலா இருக்குமே, தள்ளியிருக்கிறதா பார்த்தாயா என்று மேடம் கேட்டார். தள்ளித்தான் இருக்கும் மேடம் என்றேன். பார்க்கவில்லை.

அந்த ஒரு இரவை நம்பித்தான் எல்லாம் இருந்தது. எனக்குப் புனேயில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர ஆசை. அம்மாவோ பி.எட். விண்ணப்பத்தை வாங்கி, பூர்த்தி செய்து, பைபிளுக்குள் வைத்திருந்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அறிக்கை நன்றாக வந்தால் புனே, இல்லாவிட்டால் பி.எட். என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பி.எட். ஒன்றும் மட்டமில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அன்று இருட்டியதும் தொலைநோக்கியைக் கிருத்திகைப் பக்கம் திருப்பினேன். திரை முழுக்க ஒரே வெள்ளை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். பாதிக்கு மேல் வளர்ந்த நிலா, கொத்தின் வாசலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ குடிக்கக் கீழே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

யார் மேலாவது பழி போட வேண்டுமே. பாவாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், வீட்டில்தான் இருந்தார்.

“நீங்க கூ போட்ட நாள்ல நிலா வந்து குறுக்க நிக்குதுங்க பாவா.”

“ஆங், கிருத்திகைன்னாலே நிலா அந்த நட்சத்திரத்தாண்ட வந்து நிக்கிற நாள்தான? பஸ்ஸுல ஏறுற காவடிக்காரங்கள கேட்டாகூட சொல்வாங்க. இது தெரியாமலா அஞ்சு வருஷமா ரயில் ஏறிகினு இருக்கற?”

மாதாமாதம் ஊரே மலை ஏறுகிற ஒரு வானியல் நிகழ்வை, நான் பிறந்ததிலிருந்து கூட்டம் என்று மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே, தொலைநோக்கியோடு ஒட்டியிருக்கும் சின்னக் குழாயில் கண்ணை வைத்தேன். நிலாவின் இருண்ட ஓரத்தை ஒட்டிக் கொத்தின் விண்மீன் ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. மங்கவில்லை, சுவிட்சைத் தட்டியதுபோல் அணைந்தது.

“ஒண்ணு காணாம போச்சுங்க பாவா.”

“மீதி இருக்குது இல்ல, அத பாரு.”

டீயோடு மேலே வந்த மேடத்திடம் சொன்னேன். டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். கேமராவை, படபடவென்று படமெடுக்கும்படி மாற்றினோம். நிலாவில் காற்று கிடையாது. அதனால் அதன் பின்னால் போகிற விண்மீன் கண்ணிமைப்பதற்குள் மறையும். மறைகிற கணத்தை நுணுக்கமாக அளந்தால், அது ஒற்றை விண்மீனா ஜோடியா என்றுகூடச் சொல்லிவிடலாம். அன்று நான்கைப் பிடித்தோம். அதில் ஒன்று இரண்டு படியாக அணைந்தது. இரண்டு விண்மீன்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நடித்துக்கொண்டிருந்தன. புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஜோடிதான். ஆனாலும் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

தலைப்பை மாற்றி அறிக்கை எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், இவ்வளவு பொருத்தமான இரவை எப்படித் திட்டமிட்டாய் என்று கேட்டார். காலண்டரைப் பார்த்து என்றேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நன்றியுரையில் பாவாவின் பெயரைப் போடப் போகிறேன் என்றதும் அவர் பதறிவிட்டார். “பேர மட்டும் போட்டுறாத பாப்பா. டிப்போல எவனாவது படிச்சான்னா என் காய்ச்சல் போச்சு.” வானியற்பியல் அறிக்கையை டிப்போவில் யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கண்டக்டருக்கு நன்றி என்று எழுதினேன்.

புனேயில் இடம் கிடைத்தது. அம்மா பி.எட். விண்ணப்பத்தைப் பைபிளிலிருந்து எடுத்து பீரோவில் வைத்தார், கிழிக்கவில்லை. நான் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் ஆடிக் கிருத்திகை. வருடத்திலேயே பெரிய கூட்டம். அன்று பாவாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. விடியற்காலை டூட்டிக்குப் போனவர் மறுநாள்தான் வந்தார், சட்டையில் இரண்டு பட்டனைக் காணோம். என்னை ரயிலேற்றிவிட ஒரு நாள் லீவு கேட்டாராம். கிருத்திகை டூட்டி பார்த்தால் தருகிறோம் என்றார்களாம். அக்காதான் சொன்னாள்.

ஸ்டேஷனில் அந்த லீவு விண்ணப்பத்தின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காரணம் என்ற இடத்தில், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, உண்மையை எழுதியிருந்தார்: ‘மச்சினிச்சி நட்சத்திரம் படிக்கப் போகிறாள்.’