கியர்பாக்ஸுக்குப் பின்னால்

படகின் எஞ்சின் அறை என்று சொன்னால் கேட்பவர்கள் ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்வார்கள். அது அறை அல்ல; மேல்தளத்தின் பலகை மூடியைத் தூக்கினால் தெரியும் ஒரு பள்ளம். முன்பாதியை எஞ்சின் அடைத்துக்கொண்டிருக்கும், பின்பாதியில் கியர்பாக்ஸ். அதற்கும் படகின் பக்கச் சுவருக்கும் நடுவே, நான் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. எம்.ஏ. இறுதியாண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலானவற்றை நான் அங்கேதான் கழித்தேன்.

அப்பா காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு ஹுசைன் சாகரில் சுற்றுலாப் படகுகள் விடும் ஒரு சிறிய கம்பெனியில், ஒரு படகைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த சில மாதங்களிலேயே அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஸ்பேனரை மாற்ற முடியவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இடைப்பட்ட காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பார்த்திருந்ததால், வேலை போய்விடுமே என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அண்ணனுக்குக் கச்சிபௌலியில் வேலை. அமெரிக்க நேரத்துக்கு விழித்திருந்து, ஞாயிறு முழுக்கத் தூங்குவான். உதவிக்கு அழைத்தபோது படுத்தபடியே கையை விரித்துக் காட்டினான்.

"இந்தக் கை அந்தச் சந்துக்குள்ள போகுமாப்பா? இவளக் கூட்டிட்டுப் போங்க. வெளிய சொல்லவும் மாட்டா. வாயத் தொறந்தாத்தானே!"

அவன் சொன்ன இரண்டும் உண்மை. என் கை உள்ளே போயிற்று.

கியர்பாக்ஸில் சூடாகும் எண்ணெய் ஒரு குழாய் வழியாக வெளியே போய், குளிர்ந்து, இன்னொன்றின் வழியாகத் திரும்பும். குழாய்கள் சேரும் இடங்களில் எல்போக்கள், அதாவது முழங்கை போல வளைந்த பித்தளை இணைப்புகள், இருக்கும். முன்பு அந்த வேலையைச் செய்த யாரோ மரையின் மேல் வெள்ளை டேப்பைச் சுற்றி அவற்றைப் பொருத்தியிருந்தார்கள். டேப்பின் ஒரு துணுக்கு எண்ணெயோடு உள்ளே போய் வால்வில் சிக்கியது; கியர் விழவில்லை; படகு பயணிகளோடு ஏரியின் நடுவில் நின்றுவிட்டது. மானேஜர் அப்பாவைத்தான் திட்டினார். வால்வைச் சுத்தம் செய்தாயிற்று. எல்போக்களைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். இனி ஒரு சொட்டுக் கசிந்தாலும் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மானேஜர் சொல்லியிருந்தார்.

பழைய டேப்பை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளே முதலில் போகும் இரண்டு மரைகளை வெறுமையாக விட்டு, மற்றவற்றில் மட்டும் கசிவை அடைக்கும் பேஸ்ட் தடவ வேண்டும். கையால் முடிந்தவரை திருகிவிட்டுப் பிறகு ஸ்பேனர். இறுகி முடிக்கும்போது எல்போவின் வாய் குழாய் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பக் கூடாது. திருப்பினால் மரையைப் பற்றியிருந்த பேஸ்ட் விட்டுவிடும். கழற்றித் துடைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வாரம்தான் முனைவர் படிப்புக்கு டில்லியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "சந்தோஷம்" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிறு, துப்பட்டாவை மேலே வைத்துவிட்டு இறங்கி, இரண்டு எல்போக்களையும் பொருத்தினேன். குழாய்களை மாட்டி முடித்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ ஏறியிருக்கிறார். அப்பா என் தலைக்கு மேல் பலகை மூடியைச் சட்டென்று போட்டார்.

மானேஜரின் குரல். அவர் தெலுங்கில்தான் பேசுவார். அப்பாவும் தெலுங்கில் பதில் சொல்வார்.

"முடிஞ்சிடுச்சா பெரியவரே? இப்பவே ஒரு ரவுண்டு போயிடலாம்."

"இப்பவேவா சார்? பேஸ்ட் கொஞ்சம் காயட்டுமே."

"நாளைக்குக் காலைல ஒரு ஸ்கூல் பசங்க வர்றாங்க. இன்னிக்கே தெரியணும். இது என்ன, ஷாலா?"

"துடைக்கிற துணி சார்."

அப்பா என் துப்பட்டாவில் கை துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு மூடியின் மேல் குனிந்து, உரக்கத் தமிழில் சொன்னார்: "பின்னாடி தள்ளி ஒட்டி உக்காரு. ஷாஃப்ட் பக்கம் கால நீட்டாத. கசிஞ்சா தட்டு, நிறுத்திடறேன்."

"யாரோட பேசறீங்க?"

"எஞ்சினோட சார்."

"தமிழ்லயா?"

"அதுக்குத் தெலுங்கு வராது சார்."

மானேஜர் சிரித்தார். எஞ்சின் உயிர்பெற்றது.

அதன் பிறகு எனக்குக் குரல்கள் கேட்கவில்லை. சத்தம் காதுக்குள் இல்லை, பற்களுக்குள் இருந்தது. டீசல் வாடையும் ஏரியின் வாடையும் ஒன்றாகி, மூச்சை வாயால்தான் இழுக்க முடிந்தது. முழங்காலை மார்போடு சேர்த்து, முதுகைச் சுவரோடு அழுத்தி, டார்ச்சை எல்போக்களின் மேல் பிடித்திருந்தேன். என் கணுக்காலுக்கு மிக அருகில், படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது முதுகில் தெரிந்தது. எழுந்திருக்க இடமில்லை, திரும்பிக்கொள்ளவும் இடமில்லை.

முதல் எல்போ உலர்ந்தே இருந்தது. இரண்டாவதின் அடியில், பித்தளையும் இரும்பும் சேரும் கோட்டில், ஒரு மினுமினுப்புத் தெரிந்தது. துணியால் ஒற்றினேன். மறுபடி வந்தது. மெல்லத் திரண்டு துளியானது.

தட்டியிருக்கலாம். தட்டினால் படகு நிற்கும், மூடி திறக்கும், மானேஜர் என்னைப் பார்ப்பார். தட்டாமலும் இருக்கலாம். நான் ஒன்றுமே செய்யாவிட்டால் போதும்: துளி சொட்டாகும், கரையில் மானேஜர் குனிந்து பார்ப்பார், வேலை முடியும். அப்பா வீட்டில் உட்காருவார். என் கை யாருக்கும் தேவைப்படாது. ஜூலையில் ரயில் ஏறிவிடலாம். இதை நான் அந்தச் சத்தத்துக்குள் மிகத் தெளிவாக யோசித்தேன். தெளிவாக யோசித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

துளி நுனியில் தொங்கியது. ஸ்பேனரை எடுத்து எல்போவில் மாட்டி, முன்னோக்கி, குழாய் தாங்கும் அளவுக்குச் சற்றே இறுக்கினேன். துடைத்தேன். டார்ச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அது மறுபடி வரவில்லை.

தியாகம் என்று இதைச் சொல்ல மாட்டேன். கண் முன்னால் கசிவதைப் பார்த்துக்கொண்டு கையில் ஸ்பேனரோடு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

படகு கரையை இடித்து நின்றது. எஞ்சின் அடங்கியதும் குரல்கள் திரும்பி வந்தன. மானேஜர் மூடியைத் திறக்கவே சொல்லவில்லை.

"சத்தமே மாறிடுச்சே! கியர் வெண்ணெய் மாதிரி விழுது. மத்த ரெண்டு படகையும் நீங்களே பாத்துக்கறீங்களா? அடுத்த வருஷம் வரைக்கும்?"

"ஹவ் சார்" என்றார் அப்பா, அந்த ஊர் வழக்கில் 'ஆமாம்' என்று. யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. "தாராளமா."

காலடிகள் போய், வெகுநேரம் கழித்து மூடி திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. அப்பா கை நீட்டினார். பற்றிக்கொண்டு ஏறினேன்; அவருடைய நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது.

"பயந்துட்டியாடா?"

"இல்ல."

"கசிஞ்சுதா?"

"கொஞ்சம். இறுக்கிட்டேன்."

"தட்டவே இல்லியே?"

துப்பட்டாவில் கிரீஸ் படிந்திருந்தது. மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மூணு படகும் நமக்குத்தான்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஜூலையில நான் டில்லி போகணும்ப்பா."

அவர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். ஒன்று கைநழுவித் தளத்தில் விழுந்தது. குனிந்து எடுத்தார்.

"போகணும்தான்" என்றார். "இந்த வேலைக்கு அதுக்குள்ள வேற யாரப் பாக்கறது கண்ணு? யார்கிட்டச் சொல்றது?"

அந்த ஜூலையில் நான் டில்லிக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாவது படகின் மூடியைத் தூக்கினோம். அது வேறு வகை கியர்பாக்ஸ். எல்போக்கள் எங்கே என்று அப்பா டார்ச் அடித்துத் தேடினார். அவை பின்பக்கத்தில், இன்னும் ஆழத்தில், சுவரை ஒட்டி இருந்தன. நான் துப்பட்டாவைக் கழற்றிவிட்டு, எந்தத் தோளை முதலில் நுழைப்பது என்று பார்த்தேன்.