கஸ்தூரியின் மஞ்சள் ஷிஃப்ட்

காலை வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டியபோது கஸ்தூரியின் வீட்டுக்காரர் போன் செய்தார். "கஸ்தூரி பூட்ச்சிம்மா" என்றார். "எங்கண்ணா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருக்க வேண்டும். நான் ஒயிட்ஃபீல்டு வரை போய், இறங்கி, வெளிவாசல் வரை நடந்த பிறகுதான் அவர் சொன்னது புத்தியில் உறைத்தது. இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. நம் தங்கச் சுரங்க ஊர் கோரமண்டலில் ஏறி, பெண்கள் பெட்டியில் நம்மோடு இத்தனை வருஷம் வந்தவளைப் பற்றி எழுது என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான். அங்கே முருங்கை மரத்தில் ஒரு அலுமினியத் தட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கஸ்தூரி கம்பு போடுவாள். தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வரும். பங்குனி வரை எல்லாம் சிட்டுக்குருவி நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சித்திரை பிறந்தால் சிலவற்றின் தலையில் மஞ்சள் ஏறும், அப்புறம் மார்பில். இறகு மாறுகிறது என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

"இன்னாடி ஒளர்ற? இது வேற செட்டு, அது வேற செட்டு. நம்ம அப்பனுங்க மேல ஏறி வந்தா அடுத்த ஆளுங்க கேஜுல சுரங்கத்துக்குள்ள எறங்கல? அதே மாதிரி ஷிஃப்ட் மாறுது" என்பாள். பாதி மஞ்சளும் பாதி பழுப்புமாக ஒரு குருவியைக் காட்டினேன். "அது ஓவர்டைம்" என்றாள். பெட்டியில் இந்த வழக்கு வந்தபோது நீங்கள் பாதிப் பேர் அவள் பக்கம் நின்றீர்கள். சுரங்கத்துக்காரர் பெற்ற பெண்களிடம் நான் வேறென்ன எதிர்பார்ப்பது?

போன தீபாவளி கழிந்து அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மருந்து ஏற ஏற முடி முழுக்கக் கொட்டிவிட்டது. வேலையும் வண்டியும் நின்றன. தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "நீ சொன்னதே மெய்யின்னு வெச்சிக்கலாம். ஒரே குருவிதான் மாறுது. அத நான் கண்ணால பாக்கணும்" என்றாள். ஏன் இந்த மனமாற்றம் என்று கேட்டேன். "அதுக்கு கலர் திரும்பி வந்தா எனக்கும் முடி மொளைக்கும். அவ்ளோதான்."

கால்விரல் கோணிய குருவி ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டாள். சித்திரை போனது. மற்றவை மஞ்சளாகி, ஆளுக்கொரு கூடு பின்னப் போய்விட்டன. கோணல்விரல் மட்டும் அப்படியே வந்து தின்றது. "லீவுல கீது போல" என்பாள். பெண் குருவிக்கு மஞ்சள் வராது என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவளே கண்டுபிடித்தாள். வைகாசியில் ஒரு காலை, மஞ்சள் குருவி ஒன்று கோணல்விரலின் எதிரே இறக்கையை அடித்துக்கொண்டு குழைந்தது. கஸ்தூரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடிப்பாவி, இது பொட்டைடி. தப்பான ஆளுக்கு காத்துகினு கீறோம்." சிரித்து முடித்துவிட்டு, "அப்ப பொட்டைக்கு ஷிஃப்டே மாறாதா?" என்று கேட்டாள்.

"மாறாது" என்றேன்.

ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். "அப்பறம் எதுக்கு இத கட்டிக்கினு வேகறது?" என்றாள். அன்று சாயங்காலம் மொட்டைத் தலையோடு கடைக்குப் போய்க் கம்பு வாங்கி வந்தாள். தெருவே பார்த்தது. அவளோ கம்பில் கல் இருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் டாக்டர்கள் மருந்தை நிறுத்தினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குளிருகிறது என்று தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். கடைசி நாட்களில் அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது, உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். நான் தள்ளி நின்றிருந்தேன். "நீயும் வாம்மா, கூடப் பொறந்தவ மாதிரிதான" என்று அவள் நாத்தனார் மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். கன்னத்தில் பூசினேன், நெற்றியில் பூசினேன். உச்சந்தலையில் கை வைத்ததும் உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது. தலை முழுக்க முளைத்திருந்தது. மருந்தை நிறுத்தியதால் முளைத்தது. அவள் தொட்டுப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"மொளைச்சிட்சிடி" என்று அவள் காதில் சொன்னேன். போதும், கையை எடும்மா என்றார்கள். அவளுடையது என்று என்னிடம் இருப்பது உள்ளங்கையில் அந்த முடி குத்தியது மட்டும்தான்.